அண்ணி பேச ஆரம்பித்த பிறகு

பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் மின்னஞ்சல்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என்னால் இனி முடியாது. உன் அண்ணன் பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாரே, அது கூடி, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் ஆயிற்று. அவரோ சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். அத்தைக்கு நான் வைக்கும் எதிலும் உப்பு சரியில்லை. விடிந்ததும் அடுப்படி, பகலெல்லாம் பேருந்தில் டிக்கெட் கிழிப்பது, வந்தால் மறுபடி அடுப்படி.

போன வாரம் எங்கள் தெரு நிறுத்தம் வந்ததும் மூச்சு அடைத்துக்கொண்டது. ஓட்டுநர்தான் தண்ணீர் கொடுத்து இறக்கிவிட்டார். டாக்டரிடம் காட்டினேன், இதயத்தில் ஒரு கோளாறும் இல்லையாம். மறுநாளும் அதே இடம், அதே மூச்சடைப்பு. என் வீடு நெருங்கினால் எனக்கு மூச்சு நின்றுபோகிறது, புரிகிறதா?

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போகப் போகிறேன். மாசக் கடைசிக்குள் நீ விமானம் ஏறி வந்து உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போ.

உன் அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணி,

படித்ததும் கோபம்தான் வந்தது. "எங்கம்மாவைப் போய் இப்படியா" என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, பிறகு அழித்தேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, உங்களைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அம்மா மாத்திரை சாப்பிட்டாளா, அண்ணன் நடந்தானா, இவ்வளவுதான் என் விசாரணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரை விசாரித்தீர்கள். அவர் போன வருஷமே பிரிந்து போய்விட்டார். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. போனில் அவரைக் கேட்கும்போதெல்லாம் "ஆபீஸ் போயிருக்கார்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படுக்கையை விட்டு எழ முடியாத அந்த நாட்களில், இணையம் வழியாக ஒரு அம்மாவிடம் வாராவாரம் பேசினேன். நம் மொழிக்காரர். மன ஆலோசனை சொல்பவர். அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். நான்தான் எழுந்தேன்.

நீங்கள் போவதென்றால் போங்கள், தடுக்க எனக்கு என்ன உரிமை? போவதற்கு முன் அந்த ஆலோசனை அம்மாவிடம் ஒருமுறை பேசிப் பாருங்களேன்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 11

வாலுவுக்கு,

எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாயா? முன்பின் தெரியாத ஒருத்தியிடம் என் வீட்டுக் கதையைக் கடை பரப்ப வேண்டுமா? வேறு வேலை இருந்தால் பார்.

உன் விஷயம் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. சாப்பிடுகிறாயா ஒழுங்காக?

அண்ணி


மார்ச் 3

அன்புள்ள வாலு,

சிரிக்காதே. பேசிவிட்டேன்.

வீட்டில் தனியாக உட்கார ஒரு மூலை கிடையாது. டிப்போவில் நிறுத்தியிருந்த பேருந்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். அந்த அம்மா "சொல்லுங்க" என்றதுதான் தாமதம், கல்யாணமான நாளிலிருந்து கொட்ட ஆரம்பித்தேன். அழுகை, மூக்குச் சிந்தல், எல்லாம். அவர் இமைகூடக் கொட்டாமல் கேட்கிறாரே, இப்படியும் ஒரு பொறுமையா என்று அசந்து நிமிர்ந்து பார்த்தால், படம் அப்போதே உறைந்துபோயிருக்கிறது!

இணைப்பு திரும்பியதும் பாவம், மன்னிப்புக் கேட்டு, "மறுபடி சொல்ல முடியுமா?" என்றார். சொன்னேன். இரண்டாம் தடவை அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "கோபம் வரட்டும். உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். யாரும் என்னிடம் கேட்டதில்லை வாலு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் வாய் சொல்லிவிட்டது: "இந்த வண்டிய நான் ஓட்டணும்."

எங்கள் டிப்போவில் கண்டக்டர்களுக்கும் ஓட்டுநர் பயிற்சி உண்டு. வீட்டு வேலைக்கு நடுவே எங்கே என்று நான் பெயரே கொடுத்ததில்லை.

தோழி வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். கொஞ்சம்தான்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்பு வாலு,

நேற்று குடும்பத்தோடு பேச வேண்டும் என்றார் அந்த அம்மா. "கவுன்சிலர் பேசப்போறாங்க" என்று அத்தையிடம் சொன்னேன். வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிப் பவுடர் போட்டு உட்கார்ந்து, வணக்கம் சொன்ன கையோடு "நம்ம தெருக் குழாய்ல தண்ணியே வர்றதில்லம்மா" என்று ஆரம்பித்துவிட்டார். பாப்பா உருண்டு சிரித்தாள்.

உன் அண்ணன் கதவோரம் ஒதுங்கி நின்றார், திரையில் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அந்த அம்மா முழங்கையிடமே கேட்டார்: "விழுந்த நாளைப் பத்தி யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?"

முழங்கையும் திரையிலிருந்து மறைந்தது. பிறகு, "ஏணியப் பார்த்தாலே கால் நடுங்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

அத்தை எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று அழுதார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எனக்கு நாக்குல ருசியே தெரியலம்மா. வயசாயிடுச்சுன்னு ஒத்துக்க மனசு வரல. அதான் உப்பு இல்லன்னு உன்னையே திட்டிட்டிருந்தேன்."

அவர் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டேன்.

காலைச் சமையல் இனி உன் அண்ணன் பொறுப்பு. இன்று சோறு குழைந்துவிட்டது, யாரும் மூச்சு விடவில்லை. நான் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அண்ணி


ஜூன் 27

என் அருமை அண்ணி,

நேற்று திரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்காவிட்டால் என்னால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. என் வீட்டுக்காரர் பிரிந்து போன கதையைச் சொல்லி முடித்து, அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள், ஊர் என்ன சொல்லும் என்று கேட்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத்தன நாளா தனியா சமைச்சு தனியா தின்னியாடி?"

அது ஒன்றுதான் கேட்டாள். அண்ணி, நான் போனை வைத்த பிறகு வீட்டில் உள்ள எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். ஏனென்று தெரியவில்லை. திறக்கத் தோன்றியது.

அம்மாவை என்னிடம் அனுப்புவீர்களா?

வாலு


நவம்பர் 14

கண்ணே வாலு,

பயிற்சியில் தேறிவிட்டேன்! முந்தாநாள் முதல் நடை. ஓட்டுநர் இருக்கையில் உன் அண்ணி. உன் அண்ணனும் பாப்பாவும் டிக்கெட் வாங்கி நடுவில், அத்தை முன் இருக்கையில் மகாராணி மாதிரி.

ஒரு ஆள் படியில் கால் வைத்துவிட்டு, "பொம்பளையா ஓட்டுது?" என்று தயங்கினார். அத்தை விடவில்லை. "எம் மருமகதான். ஏறுறதுன்னா ஏறு, இல்ல நடந்து வா. வண்டி நேரத்துக்குப் போகணும்." வண்டியே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஏறினார். மேம்பாலத்தில் ஏறி இறங்கியபோது எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. ஹாரனை அடித்துத் தீர்த்துக்கொண்டேன்.

உன் அண்ணன் இன்னும் ஏணி ஏறவில்லை. தரையில் நின்று எட்டுகிற சுவர்களுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கப் போகிறார். அது போதும் இப்போதைக்கு.

வியாழக்கிழமை அத்தையை விமானம் ஏற்றிவிடுகிறோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவார், கை கொடு. உப்பு விஷயத்தில் வாயைத் திறக்காதே. நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள்.

குளிர் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும், சொல்லிவிட்டேன். முடிந்தால் நீயே கூட்டிக்கொண்டு வா. அத்தை இல்லாமல் எங்களுக்கு இங்கே இருப்புக் கொள்ளாது.

உன்
அண்ணி
(ஓட்டுநர்)