அணைத்தாலும் சார்ஜ் ஏறும் விளக்கு

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் இவர் காதுக் கருவியைக் கூடத்துப் பிளக்கிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வாங்கி இரண்டு மாதம். "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்கிறார். பிறகு நான் ஏன் ஒவ்வொன்றையும் மூன்று முறை கத்துகிறேன்? இப்போதெல்லாம் அவசியமானதைத் தவிர எதுவும் சொல்வதில்லை. இருபத்தாறு வருடம் வாய் ஓயாமல் பேசிய நாங்கள்! பயமாக இருக்கிறது.

ஜூன் 5
மகள் போனில் சொன்னாள்: "சார்ஜ் போடுற வசதியோடயே மேஜை விளக்கு வருதும்மா. கட்டில் பக்கத்துல வெச்சா, முழிச்சதும் அப்பா எடுத்து மாட்டிக்குவாரு."

ஜூன் 7, சனி
கருவியை வைத்துச் சார்ஜ் போடும் டப்பாவைக் கையோடு விளக்குக் கடைக்குக் கொண்டுபோனேன். பச்சைக் கண்ணாடி விளக்கைப் பார்த்ததும் மனது போய்விட்டது. ஆனால் விளக்கை அணைத்தால் சார்ஜும் நின்றுவிடுகிறது. இன்னொன்றில் சார்ஜ் ஒயர் செருகும் துளை பின்பக்கம். தூக்கக் கலக்கத்தில் தடவிக்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றிலும் செருகி, அணைத்து, டப்பாவில் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தேன். கடைப் பெண், "மாப்பிள்ளை பாக்குறப்போகூட இவ்வளவு பாக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றாள். "பாக்கலைம்மா, அதான் இந்தப் பாடு."
மூன்றாவதை வாங்கினேன். குட்டை, அழகில்லை. ஆனால் அணைத்தாலும் சார்ஜ் ஏறுகிறது.

ஜூன் 10
நேற்றும் இன்றும் காலையில் கருவி செத்துக் கிடந்தது.

ஜூன் 11
சண்டை. "செருகவே இல்ல, நடிக்கிறீங்க!" என்று கத்திவிட்டேன்.
"செருகினேன்டி! நான் செவிடுன்னு ஊருக்கே காட்டணும் உனக்கு, அதானே?"
இதுதானா இத்தனை நாள் மனதில்? சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 12
பெருக்கும்போது பார்த்தேன். கட்டிலோரம் விளக்கைச் செருகியிருக்கும் சுவர் சுவிட்ச் அணைந்திருக்கிறது. யார் அணைத்தது? நானேதான்! படுக்குமுன் வீட்டுச் சுவிட்சையெல்லாம் அணைப்பது என் பழக்கம்; கை தானாகப் போகிறது. ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்னிடம் தப்பியது. ஐயோ, அந்த மனுஷனைப் போய்ப் பொய்யன் ஆக்கினேனே!
மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். காதில் கருவி இல்லை என்பதால் மூன்று முறை, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சத்தமாக. பிறகுதான் சிரித்தார்.
"முதல் தடவையே கேட்டுது."
சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு
காய் நறுக்கிக்கொண்டே, "ஈரத்துண்டைக் கொடியில போடக்கூட இந்த மனுஷனுக்கு உடம்பு வணங்காது" என்று முணுமுணுத்தேன்.
கூடத்திலிருந்து குரல்: "போட்டாச்சு, போட்டாச்சு!"
கத்தி கையில் அப்படியே நின்றுவிட்டது. "இனிமே வாயை அடக்கித்தான் பேசணும் போல" என்றேன், மெதுவாகத்தான்.
"அடக்காத. பேசு" என்றார்.