முப்பது வருஷத்து வெளியூர்க்காரி

2023 ஏப்ரல் 26, புதன்

இன்று தடுப்பூசி நாள். பதினான்கு குழந்தைகள். கிராம நர்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற இன்னும் ஐந்தே புதன்கிழமைகள்.

மகள் சிந்துஜா சிதம்பரத்திலிருந்து போன் செய்தாள். அவள் வீட்டு மாடி போர்ஷன் காலியாகிறதாம். "ரிட்டயர் ஆனதும் வந்துடுங்கம்மா. அப்பாவுக்கு அங்க இருக்கற காத்தே ஆகல" என்றாள். என் வீட்டுக்காரர் பழனிவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் கெமிக்கல் கம்பெனிப் புகையில் நின்ற மனுஷன். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. அவருக்குப் போக ஆசை. எனக்கு இல்லை. ஏன் என்று மகள் கேட்டாள். பிறந்தது சிதம்பரம் பக்கத்துக் குமராட்சி, ஆனால் பாதி ஆயுசு கடலூர்ப் பக்கத்து இந்தக் கம்பெனி ஊரில்தானே போயிருக்கிறது? அதை அவளிடம் சொல்ல வரவில்லை. "யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

மே 1, திங்கள்

ஆத்திரமாக வருகிறது. எழுதினால்தான் அடங்கும்.

கிராம சபை. பக்கத்துக் கம்பெனி ஒன்று ஊருக்குச் சமுதாயக் கூடம் கட்டித் தருகிறதாம். அதற்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட வேண்டுமாம். நான் எழுந்தேன். போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, பிள்ளைகளுக்கெல்லாம் தோலில் தடிப்பு, முதலில் வெளியிலிருந்து நல்ல தண்ணீருக்குக் குழாய் கேளுங்கள் என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

சிலம்பரசன் எழுந்தான். அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் அவனுடையது.

"நர்சம்மா, நீங்க வெளியூர்க்காரங்க. இன்னும் ஒரு மாசத்துல ரிட்டயர் ஆயி போயிடுவீங்க. ஊர் விஷயத்த ஊர்க்காரங்க நாங்க பாத்துக்கறோம். உக்காருங்க."

95-இல் ஐப்பசி மழை. ஊருக்குள் இடுப்பளவு வெள்ளம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்தத் தண்ணீரில் நடந்துபோய் கொளஞ்சியம்மாளுக்குப் பிரசவம் பார்த்தேன். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தது பிள்ளை, அழவேயில்லை. மூக்கையும் வாயையும் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவைத்தவள் நான். அந்த மூச்சில்தான் இன்று என்னை உட்காரச் சொன்னான்.

எண்பது பேர் இருந்தார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. கொளஞ்சியம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நானும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உக்காந்தேன்? எனக்கு இங்கே ஓட்டு இருக்கு, வீடு இருக்கு — எதுக்குடி உக்காந்த?

மே 2

சிந்துஜாவிடம் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

மே 10, புதன்

எட்டுக் குழந்தைகளுக்குத் தடிப்பு. களிம்பு கொடுத்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரங்க பாத்துக்கட்டும்.

மே 31, புதன்

கடைசி நாள். சுகாதார நிலைய வாசலில் ஷாமியானா, சால்வை, சுண்டல். பேசிய எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "எங்கிருந்தோ நம்ம ஊருக்கு விருந்தாளியா வந்து..." என்றார் ஒருவர். விருந்தாளியா? முப்பது வருஷம் எவள் விருந்துக்கு உட்காருவாள்?

சிரித்துக்கொண்டே சால்வையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அதைச் சுருட்டி மூலையில் வீசினேன். பழனிவேல் எடுத்து மடித்து வைத்தார். "விடு" என்றார். இந்த 'விடு'வைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயசாகிவிட்டது.

ஜூன் 5

சிதம்பரம் வந்து மூன்று நாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பழனிவேல் இருமாமல் தூங்குகிறார். காலையில் தெற்கு வீதி வரை நடந்துவிட்டு வருகிறார். சின்னப்பிள்ளைபோல் முகம் தெளிந்திருக்கிறது. அதைப் பார்த்தால் சந்தோஷம்தான். முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை என்பதில் இன்னொரு கோபம்.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், "எந்த ஊருங்க நீங்க?"

குமராட்சி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "குடிகாடு பக்கம்" என்று வந்தது.

"ஐயோ, அந்த கெமிக்கல் நாத்தம் அடிக்குமே! அங்கல்லாம் மனுஷங்க இருக்காங்களா?"

"இருக்கோம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. உள்ளே வந்ததும் சிந்துஜா கடிந்துகொண்டாள்: "ஏம்மா மூஞ்சில அடிச்ச மாதிரி பேசற? அவங்க என்ன தப்பா கேட்டாங்க?"

ஜூன் 14

கொளஞ்சியம்மாள் போன் செய்தாள். பேத்தி — சிலம்பரசன் மகள், இரண்டு வயசு — உடம்பெல்லாம் தடித்துச் சீழ் வைத்திருக்கிறதாம். "ரெண்டு நாளா தூங்கல நர்சம்மா. என்னா போடறது?"

"உம் மவன கேளு. ஊர்க்காரந்தான அவன்?"

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. அதற்கப்புறம் சொன்னேன்: அந்தத் தண்ணியில குளிப்பாட்டாத, கையால சொறிய விடாத, உடனே கடலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ.

போனை வைத்த பிறகு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டா கணக்குத் தீர்ப்பேன்? மே மாசம் பத்தாம் தேதி வாயை மூடிக்கொண்டு களிம்பு மட்டும் கொடுத்தவள்தானே நான். அந்த எட்டுப் பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கின்றன?

ஜூன் 15

திரும்பிப் போகிறேன் என்றேன். சிந்துஜாவுக்கு ஆத்திரம். "அசிங்கப்படுத்தின ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போவ?"

"எம் மூஞ்சியதான்."

பழனிவேல் என் பையை எடுத்து வந்து வைத்தார். பிறகு, "என்னால அந்தக் காத்துல இனிமே முடியாது கலை. நீ போ. சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன்" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. 'விடு' என்று அவர் இன்று சொல்லவில்லை.

பஸ்ஸில் கடலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 17, சனி

வீடு வீடாக நோட்டோடு போனேன். அறுபத்துமூன்று வீடு. நாற்பத்தொரு வீட்டில் யாருக்காவது தோல் தொந்தரவு. பெயர், வயசு, எத்தனை நாளாக — எல்லாம் எழுதினேன்.

சிலம்பரசன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "இது எதுக்கு?"

"உம் புள்ளைய பாக்கணும். நவுரு."

அவன் நகரவில்லை. அவன் பெண்டாட்டி பின்வாசல் வழியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். புண் ஆறிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொன்றில் அந்தப் பெயரையும் சேர்த்தேன்.

ஜூன் 19, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். தனியாகப் போகத்தான் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் பதினோரு பொம்பளைகள் நின்றார்கள், கொளஞ்சியம்மாளோடு சேர்த்து. நான் யாரையும் கூப்பிடவில்லை.

மனு பதிகிறவர் என் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்க ரிட்டயர்டு நர்ஸா? அந்த ஊரா நீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியம்மாள் முந்திக்கொண்டாள்: "எங்க ஊருதான் சார். வாங்கிக்குங்க."

எனக்கு மனம் இளகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "மே ஒண்ணாம் தேதி இந்த வாய் எங்க போயிருந்துச்சி?"

அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். இறங்கும்போது மட்டும் அவள் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 24

மூன்றாவது மனு. "நடவடிக்கையில் உள்ளது." இந்த இரண்டு வார்த்தைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கிராம சபை. நோட்டை வைத்துக்கொண்டு நாற்பத்தொரு வீட்டையும் படித்தேன். நடுவில் யாரோ "சுருக்கமா முடிங்க" என்றார்கள். முடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. குழாய் கேட்டுத் தீர்மானம் நிறைவேறியது. சிலம்பரசன் எதிர்க்கவில்லை, கையையும் தூக்கவில்லை. போகும்போது என்னைப் பார்க்காமல் போனான். நானும் அவனைப் பார்க்கவில்லை. இது இப்படியேதான் இருக்கும்.

அக்டோபர் 30

குழாய் வந்துவிட்டது. தெருவுக்கு ஒன்று. காலை ஆறிலிருந்து ஏழரை வரை தண்ணீர். தெளிவாக இருக்கிறது. பழனிவேலிடம் போனில் சொன்னேன். "சனிக்கிழமை வந்து குடிச்சிப் பாக்கறேன்" என்றார்.

நவம்பர் 8, புதன்

குழாயடியில் சண்டை. என் குடத்தை முன்னால் நகர்த்தினேன் என்று கொளஞ்சியம்மாள் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ஏண்டி கலைமணி, மனு குடுத்துட்டா கொழாயே உன் வூட்டுதா? வரிசையில நில்லுடி!"

"நீ மட்டும் யோக்கியமா? ஆளுக்கு ரெண்டு கொடம்னு பேசிட்டு நாலு வச்சிருக்க!"

"என் வூட்ல ஏழு பேரு. நீ ஒண்டியா இருந்துக்கிட்டு ரெண்டு கொடம் தண்ணிய என்னாடி பண்ற?"

ஒரே ஒரு குடத்தோடு வந்துவிட்டேன். தலை கொதிக்கிறது. முப்பது வருஷம் நர்சம்மா, இன்றைக்கு 'ஏண்டி'யாம். இந்த நேரம் பார்த்துச் சிந்துஜா போன்: மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்கிறார்களாம், அப்பா கீழே அவளோடு இருக்கட்டும், விட்டுடவா என்றாள். விட்டுவிடு என்றேன். மேலே பேசப் பொறுமையில்லை.

நாளைக்கு ஐந்தரைக்கே போய் நிற்கப்போகிறேன். அவளா நானா, பார்த்துவிடலாம்.