போர்க்கப்பலின் வயிற்றில் இரண்டு மோட்டார்

5.2.84, ஞாயிறு

காலையில் பனி. மலை பாதிதான் தெரிந்தது. ஆபீஸ் பயிற்சிக்கு அவர் வேலூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் திங்கட்கிழமைதான், 13ஆம் தேதி, திரும்புவார். ஷோகேஸ் தூசி தட்டினேன். உள்ளே அவர் மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டிய பிளாஸ்டிக் போர்க்கப்பல். ஒரு முழ நீளம். யாரும் தொடக் கூடாது.

ஓரகத்தி அக்கா வந்து குனிந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ரேடியோ கம்பெனியில் வேலை. இங்கே வந்தபின் குழம்புக் கரண்டிதான்.

“இத ரிமோட்ல ஓட்டலாம் மாலா.”

அக்கா மகளின் சிங்கப்பூர் பொம்மைக் கார், சக்கரம் உடைந்து பரணில் கிடக்கிறது. அதன் ரேடியோ போதுமாம். செய்யுங்கக்கா என்று சொல்லிவிட்டேன். அக்கா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

7.2, செவ்வாய்

தி.மலை போனேன். சின்ன மோட்டார் இரண்டு, டயோடு, பென்சில் பேட்டரி, கிரீஸ். வெயில். டயோடு யாருக்கு என்று கடைக்காரர் விசாரித்தார். வீட்டுக்கு என்றேன்.

மதியம் அக்கா பிளேடால் கப்பலின் மேல்தளத்தை அறுத்தெடுத்தார். தண்ணீரைத் தள்ளும் விசிறிகள் பவுடர் டப்பாத் தகரத்தில், நகத்தளவு. விசிறித் தண்டு நுழையப் பேனா ரீஃபிலின் பித்தளைக் குழாய். உள்ளே கிரீஸ் அடைத்தால் தண்ணீர் ஏறாதாம். யாருக்குத் தோன்றும் இதெல்லாம்!

10.2, வெள்ளி

அண்டாவில் விட்டோம். உடனே கவிழ்ந்தது. மேலே பாரம் ஜாஸ்தி. பீரங்கிகளைக் கழற்றிவிடலாமே என்றேன். அக்கா ஒப்பவில்லை. “தம்பி ஒட்டினதுல ஒண்ணும் கொறையக் கூடாது.” பேட்டரியை அடியில் படுக்கவைத்து, வலையில் கட்டுகிற ஈயக்குண்டு சேர்த்தார். நிமிர்ந்து நின்றது.

அடுத்த தொல்லை. அந்தக் காரின் ரேடியோவுக்குத் தெரிந்தது இரண்டே. பட்டனை அழுத்தினால் முன்னே, விட்டால் பின்னே. திரும்புவது எப்படி? அக்கா ஒரு முறம் வேர்க்கடலை உரித்து முடித்தார். பிறகு எழுந்துபோய் ஒரு மோட்டாரில் மட்டும் டயோடு வைத்தார். அது கரண்டை ஒரு பக்கம்தான் விடும். முன்னே போகும்போது இரண்டு விசிறியும் சுற்றும். பின்னே போகும்போது ஒன்று நின்றுவிடும். கப்பல் தானாகத் திரும்பும்.

எனக்குப் புரிந்ததும் சிரித்துவிட்டேன். அக்காவும்.

12.2, ஞாயிறு

அறுத்த மேல்தளத்தை அக்கா தடம் தெரியாமல் ஒட்டி மூடிவிட்டார். பம்புசெட்டுத் தொட்டியில் விட்டோம். காற்று இல்லை. போனது! நேராகப் போய், சுவரருகே பட்டனை விட்டதும் பின்வாங்கி வளைந்து, மறுபடி நேராக. ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி ஓட்டினோம்.

நிமிர்ந்தால் அவர். கையில் பை. பயிற்சி ஒரு நாள் முன்னாடியே முடிந்துவிட்டதாம்.

அக்கா ரிமோட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கப்பலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஆபீஸ் பேண்ட் முழுக்கத் தண்ணீர். அதைத் தண்ணீரிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா சாப்பிடவில்லை.

நான்தான் செய்யச் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். நான் தூக்கிவந்து ஷோகேஸில் வைத்திருந்த கப்பல் அவர் மடியில் இருந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“எங்க அறுத்தாங்கன்னே தெரியலயே,” என்றார்.

13.2, திங்கள்

பனி. காலையிலேயே பீரோ மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். இன்னும் பிரிக்காத இன்னொரு கப்பல். எனக்கே தெரியாது. நேரே சமையல்கட்டுக்குப் போய் அக்கா முன்னால் வைத்தார்.

“எங்க வெட்டணும், எங்க ஓட்டை போடணும்னு முன்னாடியே சொல்லிடுங்க அண்ணி. அப்புறமா ஒட்டறேன்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். அடிப்பாகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இருவரும் தலையை நீட்டி அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கியது. நான்தான் இறக்கினேன்.