கடைசிக் கட்டு

ஆகஸ்ட் 18
இன்று முதல் மில்லில் மூன்றாவது ஷிப்ட் கிடையாது. திருப்பூரில் ஆர்டர் நின்றதால் எங்கள் நூலை வாங்க ஆளில்லை. கீரனூர் பஸ்ஸில் பாதி சீட் காலி. வீட்டில் கணவர் டேவிட்டிடம் வீறாப்பாகச் சொன்னேன்: "மில்லு ஓடுனாலும் கேஸ் வரும், நொடிச்சாலும் கேஸ் வரும். கம்பெனி வக்கீலை யாரும் அனுப்ப மாட்டாங்க." "சரிங்க வக்கீலம்மா" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 29
ஜி.எம். கணபதி சார் கூப்பிட்டார். "மேடம், நிலுவையில இருக்குற பதினாலு கேஸையும் பேசி முடிச்சிருங்க. வெளி வக்கீல் பீஸு கட்டுபடியாகல." எனக்குப் பிடித்த வேலை. முன்பு ஏழு வருஷம் கோர்ட்டில் நின்றவள் நான். உள்ளே வாதாடுவதைவிட வராந்தாவில் இரண்டு பேரை ஒத்துக்கொள்ள வைப்பதில்தான் கெட்டிக்காரி.

அக்டோபர் 9
பதினொன்று முடிந்தது. பெருமையாக இருக்கிறது, ஒளிப்பானேன்.

நவம்பர் 3
பதின்மூன்று. சாப்பிடும்போது டேவிட் கேட்டார்: "எல்லாம் முடிஞ்சா ஒனக்கு அங்க என்ன வேல?"
இரண்டு மாதமாக எனக்கு நானே குழி தோண்டியிருக்கிறேன், பாராட்டும் வாங்கிக்கொண்டு. சம்பளத்துக்கு வந்தபோது வக்கீல் உரிமமான சன்னதை பார் கவுன்சிலில் ஒப்படைத்துவிட்டேன் — அதை மீட்காமல் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. மீட்டாலும், நாற்பத்து மூன்று வயதில் யார் கேஸ் தருவார்கள்?

நவம்பர் 4
மிச்சம் பொற்கொடியின் கேஸ் கட்டு ஒன்றுதான். நூற்புப் பிரிவில் இருந்தவள். நாலு வருஷத்துக்கு முன், அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சொல்லாமல் பதினோரு நாள் வரவில்லை என்று நீக்கினோம். அவள் திருச்சி லேபர் கோர்ட்டுக்குப் போனாள்.
இதை மட்டும் இழுத்தால்? வாய்தா மேல் வாய்தா. இரண்டு வருஷம் ஓட்டலாம். என் நாற்காலியும் ஓடும். நினைக்கவே கேவலமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

நவம்பர் 12
வெளி வக்கீலிடம் வாய்தா வாங்கச் சொல்லிவிட்டேன். காரணம்: வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை.
பதிவேடு என் மேஜை டிராயரில்.

நவம்பர் 27
இரண்டாவது வாய்தா. பொற்கொடி கோர்ட்டிலிருந்து நேராக மில் வாசலுக்கே வந்துவிட்டாள். "மேடம், எனக்கு இங்க வேல வேணாங்க. நீக்கிட்டோம்னு எழுதுனதைத் தானா நின்னுட்டதா மாத்திக் குடுங்க, போதும். அந்தத் தாளைப் பாத்துட்டு எந்த மில்லுலயும் உள்ள விட மாட்டேங்கிறாங்க. நாலு வருசமா நெலையா ஒரு வேல இல்லீங்க."
நிலையாக ஒரு வேலை. நான் டிராயரைப் பூட்டியதும் அதற்குத்தானே? ச்சே. என்ன பொம்பளை நான்.

டிசம்பர் 5
பதினான்கு. ஒரு வருஷச் சம்பளம், புதுச் சான்றிதழ். நானே டைப் அடித்தேன். "பிரமாதம் மேடம்" என்றார் கணபதி சார்.

டிசம்பர் 31
கடிதம் வந்தது. ஒரு மாத நோட்டீஸ். அந்த ஷரத்தை எழுதியவளே நான்தான், குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கணபதி சார் என் முகத்தைப் பார்க்காமல் "மேலிடத்து முடிவு மேடம்" என்றார்.
பஸ்ஸில் அழுதேன்.

பிப்ரவரி 6
சன்னதை மீட்க விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பழைய வக்கீல் கவுனில் ஒரே பூச்சி ஓட்டை. டேவிட் உட்கார்ந்து தைக்கிறார், கோணல்மாணலாக.

மார்ச் 23
புதுக்கோட்டை கோர்ட் வராந்தாவில் மூன்றாவது வாரம். ஒரு கேஸ் இல்லை. மத்தியானம் பொற்கொடி வந்தாள், கழுத்தில் வேறொரு மில்லின் அடையாள அட்டை. "இங்கிட்டுதான் ஒக்காந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. ஆத்தா விட்டுட்டுப் போன மனையில எம் பங்கை அண்ணன் தர மாட்டேங்குது."
வக்காலத்துத் தாளை எடுத்தேன். நீட்ட முடியவில்லை. டிராயர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் — பதிவேடு என்னிடமே இருந்தது, இரண்டு வாய்தாவும் என் வேலைக்காக நான் வாங்கியது என்று.
பிறகு தாளை அவளே எடுத்து, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.
"இதுல வாய்தா கேக்காதீங்க மேடம்."