டிசம்பர் ஏழுக்கு முதல்

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தான் சொன்னதில் என்ன பிழையென்று றோஸ்மலருக்கு இன்னும் விளங்கவில்லை. நித்திரையில் கிடந்த கணவனின் போனுக்குக் கீழே வைக்கவென்று எழுதினாள்:

"இஞ்சருங்கோ, மீன் குழம்பு அடுப்பில இருக்கு. சோறு மட்டும் காய்ச்சுங்கோ. உங்கட அக்கா திரும்ப அமெரிக்காவுக்குப் போகப்போறன் எண்டு சூட்கேஸ் அடுக்கிறா.

அங்க வயசுபோன ஆக்கள் அரசாங்க இன்சூரன்ஸ் பிளானை ஒக்டோபர் நடுவில இருந்து டிசம்பர் ஏழு வரைக்கும்தான் மாத்தலாமாம். அதுக்கு நேரில நிக்கவேணுமாக்கும் எண்டு நினைச்சுத்தான், 'கிறிஸ்மஸ் வரைக்கும் நில்லாதேங்கோ அக்கா' எண்டு நேற்றுச் சொன்னனான். நான் வீட்டை விட்டுக் கலைக்கிறன் எண்டு அவ நினைச்சிட்டா. நீங்களும் சேர்ந்து கோவிச்சியள். இப்ப அவவின்ர மகள் போனில சொல்லுறாள், இஞ்சையிருந்தே மாத்தலாமாம்! இஞ்ச ஜீபி எண்ட குடும்ப டொக்டரிட்ட எந்த நாளும் பதியலாம். அங்க ஏன் அதுக்கொரு சீசன்? எனக்குத் தலை சுத்துது."

சப்பாத்தைப் போட்டவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"அரிசி அள்ளேக்க கவனம். அக்காவின்ர பாஸ்போட்டை வாளிக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறன். தேடினா, தெரியாது எண்டு சொல்லுங்கோ. கிறிஸ்மஸ் முடியட்டும்."