ஆணியில் தொங்கும் ஐந்து குவளைகள்

பிட்டூ, இதை ஆணையருக்குத்தான் எழுதுகிறேன். நீயும் கேட்டுக்கொள்.

அனுப்புநர்:
கிளாரிஸ் மிஷோ,
(காலஞ்சென்ற ரோசேர் மிஷோவின் மனைவி)
மீன்துறைச் சாலை, பைன் ஹார்பர்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநிலக் காப்பீட்டுத் துறை.

பொருள்: டன்னிங் படகுப் பட்டறையில் வேலை இழந்த நால்வரின் மருத்துவக் காப்பீட்டை மீண்டும் தொடரச் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அதிகம் படிக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கணவர் மேற்படி பட்டறையில் படகுக்குப் பலகை பொருத்துபவர். அங்கே சுவரில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு காப்பிக் குவளை. ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால் முதலாளி குவளையை இறக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அதற்குமேல் பேச்சில்லை.

2. சென்ற அக்டோபரில் வேலை குறைந்ததால் ஐந்து பேர் நிறுத்தப்பட்டனர். என் கணவர் குவளையை எடுக்கப் போனபோது முதலாளி எவரெட் டன்னிங், "டேய் ரோசேர், அதை ஏன் தொடுற? தொங்கட்டும். பனி உருகினதும் உன் மூஞ்சி இங்கதான் இருக்கணும்" என்றாராம். மற்ற நால்வரின் குவளைகளையும் அவர் இறக்கவில்லை. இவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். குவளை தொங்கும்வரை தான் பட்டறை ஆள்தான், காப்பீடும் இருக்கிறது என்று நம்பினார். நானும் நம்பினேன்.

3. டிசம்பரில் மருந்துக் கடையில் காப்பீட்டு அட்டை செல்லாது என்றார்கள். முதலாளியைக் கேட்போம் என்றேன். "அவனே நொந்து போயிருக்கான். போய் மானத்த வாங்காத" என்று இவர் தடுத்துவிட்டார். அன்று முதல் இதய மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கிச் சாப்பிட்டார். பிப்ரவரியில் சமையலறையிலேயே விழுந்தார். ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

4. விசாரித்ததில் தெரிய வந்தது: வேலை போனாலும், அரசு உதவியோடு, தாங்கக்கூடிய தவணையில் அதே காப்பீட்டைத் தொடர வழி இருந்திருக்கிறது. அதற்கான காகிதங்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. எவரெட் அவற்றை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "குவளையையே இறக்கலையே கிளாரிஸ், அப்புறம் 'நீ இங்க ஆள் இல்ல'ன்னு எந்தக் கையால காகிதம் கொடுப்பேன்?" என்று அழுதார். அவரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. சிறிய பட்டறைகளில் முதலாளியும் தொழிலாளியும் இப்படித்தான் இருக்கிறார்கள். இது தெரிந்து சட்டம் நடக்க வேண்டும்.

5. என் கணவரை அடக்கம் செய்த அன்றுதான் எவரெட் மற்ற நால்வர் கையிலும் காகிதத்தைக் கொடுத்தார். கெடு முடிந்துவிட்டது என்கிறது காப்பீட்டு நிறுவனம். அந்த நால்வரில் ஒருத்தியான நடீனின் மகனுக்குத் தினமும் இன்சுலின் வேண்டும். இப்போது அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி, அளவைக் குறைத்துப் போடுகிறாள். பாதி மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் ஐயா. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் இருக்கும் என் அக்காள், "வேல போனா வைத்தியமும் போயிடுமா? என்னடி கூத்து இது?" என்கிறாள்.

6. ஆகவே, காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து கெடுவைக் கணக்கிட்டு, நால்வரையும் பழைய தவணையிலேயே சேர்க்க உத்தரவிட வேண்டும். நடீனின் மகனுக்கு இந்த வாரமே வழி செய்ய வேண்டும். இனி இத்தகைய காகிதம் முதலாளியிடம் போகாமல் தொழிலாளியின் வீட்டுக்கே வர வேண்டும். என் வீட்டுக்கு வந்திருந்தால் நானே அவரைக் கையெழுத்துப் போடவைத்திருப்பேன். எனக்கென்று கேட்க இனி ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாமதிக்காதீர்கள்.

இடம்: பைன் ஹார்பர்
நாள்: மார்ச் 4

இப்படிக்கு,
கிளாரிஸ் மிஷோ

பிட்டூ, என் ரோசேரே, நேற்று எவரெட் வந்து வாசலிலேயே நின்றார். "உன் கையாலயே வந்து எடுத்துக்கம்மா, என்னால முடியல" என்றார். உன் நீலக் குவளை இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. நான் போய் இறக்கட்டுமா?