திருச்சி மைதானத்தின் அகலம்

என் சூசை அண்ணாவுக்கு,

கோபம் பாதி, ஏக்கம் பாதியாக லூர்து எழுதுகிறேன். வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம். கல்லறைக்குப் பூ வைக்க வரும்போதெல்லாம் உன்னிடம் ஒன்று சொல்ல நினைப்பேன். பக்கத்தில் யாராவது நிற்பார்கள், சொல்லாமல் திரும்பிவிடுவேன். பொய். யாரும் இல்லாத நாளிலும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. தர்மபுரியில் காலேஜ் மைதானத்துக்கு மேற்குப் பக்கம் கேலரி கட்டிவிட்டார்கள். ஐந்தே படி. நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இதுக்குப் பேரு கேலரியாடி, கொளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்குது" என்பாய். அதில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் பேரில் போட்டி வைக்கிறார்கள். உன் பழைய டீம் ஆட்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலியாம்.

சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? இருக்க விடுகிறார்களா! மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நோட்டீஸைப் படித்துச் சிரிக்கிறார்கள். "சூசை பேர்ல கேலரி கிரவுண்டுல மேட்சா? பெரிய கிரவுண்டுன்னாலே அந்தாளுக்குக் காய்ச்சல் வந்துருமே!" நான் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் பிளாட்பாரத்தின் மறு கோடிக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களை மட்டும் சொல்லி என்ன? அந்தப் பேச்சுக்கு வித்து போட்டவள் நான்.

சேலத்தில் காலேஜ் சேர்ந்ததிலிருந்து நீ ஊர் ஊராகப் போய் புட்பால் ஆடிவிட்டு சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வருவாய். வந்ததும் சோறு கூடக் கேட்க மாட்டாய், மைதானக் கதைதான். உன் காலேஜ் மைதானத்தில் ஒரு பக்கம் ஹாஸ்டல் சுவர், மறு பக்கம் மலை, மொத்தக் கூட்டமும் வேப்பமரத்து நிழலுக்குள் அடங்கிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மைதானம் சரிவாம், டாஸ் ஜெயித்தவன் இறக்கத்தைத்தான் கேட்பானாம். பெங்களூரில் புல் பாய் விரித்த மாதிரி இருக்குமாம், ஜனங்கள் கத்தவே மாட்டார்களாம். "மாதா கோயில்ல பூசை கேக்க வந்தவங்க மாதிரி உக்காந்திருக்காங்க லூர்து. நாம நல்லா ஆடுனா நமக்கும் கை தட்டுறாங்க. எனக்கு வெக்கமா போச்சு."

நான் இதில் ஒன்றையாவது பார்த்தேனா? பொட்டைப் பிள்ளை மைதானத்துக்குப் போவதா என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதனால் உன்னைக் கேள்வி கேட்டே கொல்லுவேன். எது பெரிசு, பெங்களூரா திருச்சியா? எதில் சத்தம் ஜாஸ்தி? நீ யோசித்துத்தான் பதில் சொல்வாய். "அளந்தா பெங்களூருதான் பெருசு. ஆனா நின்னு பாத்தா திருச்சி பெருசு புள்ள. நாலு பக்கமும் ஆளுங்க. மலை தெரியாது, மரம் தெரியாது. எது எங்க இருக்குதுன்னு கண்ணுக்குப் புடிபடாது." அளவு வேறு, பெரிசு வேறு என்பது உன் கட்சி. அளந்தது தானே அளவு என்பது என் கட்சி. இதற்காக ஒரு தடவை நாம் இரண்டு நாள் பேசவில்லை, நினைவிருக்கிறதா?

நம் ஊர் தனி ஜில்லா ஆன மறு வருஷம். உன் காலேஜ் பைனலுக்கு வந்துவிட்டது. ஆட்டம் அந்தத் திருச்சி மைதானத்தில். மெட்ராஸிலிருந்து ஒரு மில் டீம்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள், எடுத்தால் வேலையும் கையோடு கிடைக்கும் என்று சேதி. நீ லெப்ட் அவுட், இடது ஓரத்து ஆட்டக்காரன். ஓரத்துக் கோட்டில் ஓடிக்கொண்டே, தலை நிமிராமல், கோல் வாய்க்கு நேரே பந்தைத் தூக்கி சென்டர் போடுவதுதான் உன் வித்தை. நிமிர்ந்து பார்த்தால் எதிராளி வந்துவிடுவான், காலுக்கே தூரம் தெரிந்திருக்க வேண்டும் என்பாய். அதற்குத்தான் நாம் ஒரு வழி வைத்திருந்தோமே. எந்த ஊர் மைதானமோ, அதன் அளவைக் கேட்டு எழுதி வாங்கி, கடலைக்காய் பிடுங்கின நம் கொல்லையில் அதே அளவுக்கு முளை அடித்து, நீ அதில் அடித்துப் பழகுவாய்.

திருச்சிக்கு அகலம் எழுபத்திரண்டு கஜம் என்று கடிதம் வந்தது. உன் டீமின் சென்டர் பார்வேர்ட், நீ போடும் பந்தைக் கோலாக்குகிற யூசுப், தன் அப்பாவின் ஜவுளிக்கடை கஜக்கோலை எடுத்து வந்தார். அதை வைத்து அளந்ததில், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சணல் வடம் பன்னிரண்டு கஜம் இருந்தது. மாடு ஓய்ந்திருந்த வாரம், வடம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. "ஆறு வடம் புள்ள, கணக்கு கச்சிதம். நீ முளை அடிச்சு வெய்யி, நான் சனிக்கிழம வந்து ஆடுறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய்.

நான் எப்போது அடித்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை. அப்பா கேழ்வரகுக்குத் தண்ணீர் இறைத்து முடித்து, மாட்டை அவிழ்த்த கையோடு. வடம் சொட்டச் சொட்ட இருந்தது. அதையே இழுத்துப்போய் ஆறு தடவை வைத்து அளந்து முளை அடித்தேன். கை சிவந்துவிட்டது, உனக்காகச் செய்கிறேன் என்று பெருமை வேறு.

ஐந்து வாரம் நீ அதில் ஆடினாய். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாய். கோல் வாய்க்கு நடுவில் என்னை நிற்கவைத்து, என் இடுப்புக்கு நேரே பந்தைக் கொண்டுவந்து போட்டாய். "போதும்டா, இடுப்பு நோவுது" என்று நான் கத்தும் வரை.

நீ திருச்சிக்குக் கிளம்பின அன்று காலையில் ஆடுகள் இரண்டு முளையைப் பிடுங்கிப் போட்டிருந்தன. நீ திரும்பி வந்தும் ஆடுவாயே என்று மறுபடி அளந்தேன். வடம் அன்றைக்குக் காய்ந்திருந்தது. பழைய குழியைத் தாண்டி ஆறு கஜம் வெளியே போய் நிற்கிறது அளவு. இரண்டாம் தடவை அளந்தேன், மூன்றாம் தடவை அளந்தேன். நனைந்த சணல் சுருங்கும் என்பது கவலை ஓட்டுகிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான். ஓரத்துக் கோட்டிலிருந்து கோல் வாய்க்கு மூன்று கஜம் குறைவாக உன் காலைப் பழக்கிவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ செபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாய். அம்மா நெற்றியில் சிலுவை போட்டாள். என்னைப் பார்த்து, "என்ன புள்ள மூச்சு வாங்குது? உங்கண்ணன் மெட்ராசுக்குப் போயிட்டா அழுவியா?" என்று கேட்டாய். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன், சொல்லு! கடைசி நேரத்தில் சொல்லி உன்னைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று கஜம் என்ன பெரிய தூரம் என்றும் நினைத்தேன். "போடா, நீ போனா வூடு விஸ்தாரமா இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாய். ஒரு கோலில் தோற்றுவிட்டீர்கள். உனக்கு மூன்றே மூன்று நல்ல பந்து கிடைத்ததாம். மூன்றும் குட்டையாகப் போய் எதிராளி தலைக்கு உதவியதாம். மூன்றாவதை அடிக்கும்போது உன்னை இடித்துத் தள்ளிவிட்டார்கள், நீ மண்ணைத் துடைத்து எழுந்தபோது பந்து அவர்கள் காலில் இருந்ததாம். மில்காரர்கள் வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள்.

"தப்பு என் மேலதான் லூர்து. சுத்தி அவ்ளோ ஆளுங்களப் பாத்ததும் கால் வசம் தப்பிடுச்சு. பெரிய கிரவுண்டு எனக்கு ஆவாது." நீ அழவில்லை. நான் தான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அடுத்த வருஷம் அதே மில்லிலிருந்து உனக்கு மறுபடி அழைப்பு வந்தது. மெட்ராஸில் பெரிய ஸ்டேடியத்தில் வந்து ஆடிக் காட்டச் சொன்னார்கள். நீ போகவில்லை. அன்றைக்காவது நான் வாய் திறந்திருக்கலாம். "அண்ணா, உன் மேல தப்பில்ல, நான் அளந்ததுதான் தப்பு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வருஷம் மறைத்ததை எப்படிச் சொல்வது என்று கூச்சம். பிறகு இரண்டு வருஷம், ஐந்து வருஷம். நாளாக ஆகக் கூச்சம் தடித்துக்கொண்டே போனது.

நீ இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனாய். யாருக்கும் குறையில்லாமல்தான் வாழ்ந்தாய். ஆனால் தர்மபுரியில் மேட்ச் நடந்தால் உள்ளே வர மாட்டாய். வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் தரையில் ஊன்றி, ஆட்டம் முடியும் வரை நிற்பாய். "உள்ளாற வாங்க சார்" என்று எத்தனை பேர் கூப்பிட்டார்கள்! "இங்கிருந்தே நல்லா தெரியுது" என்பாய். போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும் வரை அப்படித்தான்.

போன புதன்கிழமை யூசுப் அண்ணன் நோட்டீஸ் கொடுக்க வீட்டுக்கு வந்தார். இப்போது ஜவுளிக்கடை அவருடையது, தொப்பை வைத்துவிட்டது. ஸ்டேஷனில் கேட்டது நெஞ்சுக்குள்ளேயே உறுத்திக்கொண்டிருந்ததா, காபி டம்ளரை அவர் கையில் கொடுத்த அடுத்த நிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஈர வடம், ஆறு கஜம், அம்மா சிலுவை போட்டது, எல்லாம்.

அவர் காபியைக் குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டார். 

"நீ சொல்றது மொத ரெண்டு பந்துக்குத்தாம்மா சரி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மொத ரெண்டும் குட்டையா வந்துச்சு. வாஸ்தவம். மூணாவது குட்டையா வரல லூர்து. அவன் கால் கத்துக்கிச்சு. நேரா எங்கிட்டயே வந்துச்சு. இந்தா, இந்த டம்ளர் இருக்குற தூரம். முன்னால ஒருத்தனும் இல்ல. நான் தொட்டா கோலு."

"அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

"நான் நின்னுட்டேன்மா. நம்மூருல கோல் போட்டா ரெண்டு ஆடு திரும்பிப் பாக்கும். அங்க அத்தினி பேரும் ஒண்ணா எந்திரிச்சாங்க. அந்தச் சத்தம் காதுல வரல, தரையிலேர்ந்து கால் வழியா ஏறுச்சு. எனக்குக் கால் எழும்பவே இல்ல. பந்து தாண்டிப் போயிடுச்சு. இவன் கீழ விழுந்து கெடந்தான், பாக்கல. எந்திரிச்சு வந்து, 'என்ன ஆச்சு மாப்ள'ன்னு கேட்டான். மில்காரங்க லிஸ்டுல என் பேரும் இருந்துச்சு. 'குட்டையா வந்துச்சுடா'ன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெரிய மனுஷன் என் முன்னால் தோள் குலுங்க அழுதார், அண்ணா. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கையும் ஓங்கவில்லை. எந்த மூஞ்சியோடு ஓங்குவேன்? அவரும் நானும் இத்தனை வருஷமாக ஒரே ஆளின் தலையில் பாரத்தை வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நல்லவர்களாக நடமாடியிருக்கிறோம். நீ அவரை நம்பினாய், என்னையும் நம்பினாய், உன் காலை மட்டும் நம்பாமல் விட்டுவிட்டாய்.

உன் கட்சிதான் சரி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அளவு வேறு, பெரிசு வேறு. கயிறு காட்டியது அளவு, யூசுப் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டது பெரிசு. நீ அந்த இரண்டையும் அந்த ஒரு ஆட்டத்துக்குள்ளேயே ஜெயித்திருக்கிறாய், ஜெயித்தது உனக்கே தெரியாது. இது தெரிந்திருந்தால் மெட்ராஸுக்குப் போயிருப்பாயா? போகாமலே இருந்திருந்தாலும், வேலிக்கு உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்திருப்பாய் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மைக்கில் இரண்டு பேர் பேசுவார்கள். முதலில் நான், அப்புறம் யூசுப் அண்ணன். பேச்சு எழுதிக்கொள்ளவில்லை. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவேன், இது சத்தியம். ஆனால் ஊருக்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நன்றாகக் கேட்டுக்கொள்: மூன்றாவது பந்து சரியாகத்தான் வந்தது, அண்ணா.

இப்படிக்கு,
வாய் ஓயாமல் பேசியும் அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்ட,
உன் தங்கச்சி லூர்து